ஒரு எலக்ட்ரானின் பின்னே: தாவர ஒளிச்சேர்க்கைப் புரதங்களைப் படிக்க முழுமையான வழிகாட்டி

ஒளிச்சேர்க்கை படித்த எல்லோருக்கும் அந்த இசட் வடிவப் படம் தெரியும். இடது ஓரத்தில் நீர், வலது மேல் மூலையில் என்ஏடிபிஎச் (எலக்ட்ரானைச் சுமந்து, சர்க்கரை செய்ய உதவும் மூலக்கூறு), நடுவில் அம்புக்குறிகளும் வாயில் நுழையாத பெயர்களும். நானும் அந்தப் பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பித்திருக்கிறேன். ஏன் அந்த வரிசை, எலக்ட்ரான் ஏன் திரும்பி வராமல் முன்னே மட்டும் போகிறது என்பது மட்டும் பல காலம் விளங்கவே இல்லை.

விளங்கியது, ஒளியைப் பிடித்து எலக்ட்ரானைக் கிளப்பும் புரதக் கூட்டமைப்பான ஒளித்தொகுதியின் முப்பரிமாண அமைப்பைக் கணினித் திரையில் திறந்து, புரதத்தை முழுவதுமாக மறைத்துவிட்டு, நிறமிகளையும் உலோகங்களையும் மட்டும் விட்டுவைத்துப் பார்த்த அன்றைக்குத்தான். வெற்றிடத்தில் ஒரு மூலக்கூறு, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அதற்கு அடுத்து இன்னொன்று. ஆற்றைக் கடக்கப் போட்ட கற்கள் மாதிரி. அந்தக் கற்களுக்கு இடையிலான தூரத்தைக் காப்பதுதான் இத்தனை பெரிய புரதங்களின் முதன்மையான வேலை.

இந்த வழிகாட்டி அந்த வழியில்தான் போகிறது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வரைய வேண்டியிருக்கும்.

படி 1: சவ்வை வரையுங்கள்

பசுங்கணிகத்துக்குள் தைலக்காய்டு என்ற தட்டையான பைகள் இருக்கின்றன. பையின் சுவர்தான் நம் மேடை. தாளின் குறுக்கே இரண்டு இணைகோடுகள் போடுங்கள்; அது சவ்வு. மேலே பைகளைச் சூழ்ந்த திரவமான ஸ்ட்ரோமா, கீழே பையின் உட்பக்கமான உள்ளறை. இனி வரும் எல்லாவற்றிலும் மேல் எது, கீழ் எது என்பதை விட்டுவிடாதீர்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சவ்வுக்குள் இடமிருந்து வலமாக நான்கு பெரிய கூட்டமைப்புகளை வரையுங்கள்: ஒளித்தொகுதி 2, சைட்டோகுரோம் பி6எஃப், ஒளித்தொகுதி 1, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி-யைச் செய்யும் ஏடிபி சிந்தேஸ். 2 முதலில் வருகிறதே என்று கேட்கலாம். கண்டறியப்பட்ட வரிசையில் வைத்த எண்கள் அவை, எலக்ட்ரான் போகும் வரிசை அல்ல.

ஒரு திருத்தம். பாடப்புத்தகத்தில் நான்கும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்போல இருக்கும். உண்மையான இலையில் தைலக்காய்டுகள் சில இடங்களில் நாணயங்களை அடுக்கியதுபோல கிரானா அடுக்குகளாக நெருங்கியிருக்கும். சில இடங்களில் ஒற்றைச் சவ்வாக விரிந்திருக்கும். ஒளித்தொகுதி 2 பெரும்பாலும் அடுக்குக்குள் இருக்கிறது. ஒளித்தொகுதி 1-ம் ஏடிபி சிந்தேஸும் ஸ்ட்ரோமாப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்பதால் அந்த இடுக்கில் அவற்றுக்கு இடமில்லை. விரிந்த சவ்விலும் அடுக்கின் ஓரங்களிலும் இருக்கின்றன. பி6எஃப் இரண்டு இடத்திலும் உண்டு. எனவே இரண்டு ஒளித்தொகுதிகளுக்கும் இடையே எலக்ட்ரானைச் சுமந்து செல்ல நடமாடும் ஆட்கள் தேவை. அவர்கள் பின்னால் வருவார்கள்.

படி 2: தூர விதியை மனத்தில் வையுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

புரதத்துக்குள் எலக்ட்ரான் கம்பியில் ஓடுவதுபோல ஓடுவதில்லை. ஒரு நிறமியிலிருந்து அடுத்த நிறமிக்கு, இடையில் எங்கும் தங்காமல், குவாண்டம் ஊடுருவல் முறையில் கடக்கிறது. இந்தக் கடத்தலின் வேகம் தூரத்தோடு மிகக் கடுமையாகக் குறையும். இரண்டு மூலக்கூறுகளின் விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 1.7 ஆங்ஸ்ட்ரோம் கூடினால் வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு ஆங்ஸ்ட்ரோம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய ஓர் அணுவின் அகலம் மட்டும் தள்ளி வைத்தாலே கதை மாறிவிடுகிறது. இயற்கையின் எலக்ட்ரான் கடத்தும் புரதங்களை அளந்து பார்த்த மோசரும் டட்டனும், அடுத்தடுத்த மூலக்கூறுகள் பெரும்பாலும் விளிம்புக்கு விளிம்பு 14 ஆங்ஸ்ட்ரோமுக்குள் இருப்பதைக் காட்டினார்கள்.

தூரம் தவிர இன்னும் இரண்டு காரணிகள் உண்டு. ஒன்று, கடப்பதால் எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது என்பது. மற்றொன்று, எலக்ட்ரான் வந்ததும் சுற்றியுள்ள அணுக்கள் எவ்வளவு அசைந்து இடம் மாற வேண்டும் என்பது. இவற்றை ஒரே கோட்பாட்டில் இணைத்த ருடால்ஃப் மார்கஸுக்கு 1992-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது முக்கியமான கேள்வி. ஒளி பட்டு எலக்ட்ரான் வெளியேறியதும் பின்னால் ஒரு நேர்மின் காலியிடம் உண்டாகிறது. எலக்ட்ரானுக்குத் திரும்பி அங்கேயே விழுவதுதான் ஆற்றல் கணக்கில் லாபம். அப்படி விழுந்தால் பிடித்த ஒளி வெப்பமாகப் போய்விடும். அதைத் தடுக்கச் சுவர் எதுவும் இல்லை. திரும்பி விழ ஆகும் நேரத்தைவிட, அடுத்த கல்லுக்குத் தாவ ஆகும் நேரம் மிகக் குறைவாக இருக்கும்படி கற்கள் வைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் ஆற்றல் இழக்கப்படுகிறது; அதற்கு ஈடாகத் திரும்பும் வழி நீண்டுகொண்டே போகிறது. இந்தக் கண்ணோடு இனி ஒவ்வொரு கூட்டமைப்பையும் பாருங்கள்.

படி 3: ஒளி வந்து சேரும் வழி

வினைமையத்தில், அதாவது எலக்ட்ரான் கிளம்பும் நடுப்பகுதியில், இருக்கும் சில பச்சைய மூலக்கூறுகள் மட்டுமே வேதிவினை செய்கின்றன. மற்ற நூற்றுக்கணக்கானவை ஒளியைப் பிடித்து உள்ளே அனுப்புபவை. இந்த இடத்தில் எலக்ட்ரான் நகர்வதில்லை, கிளர்ச்சி ஆற்றல் மட்டும்தான் கைமாறுகிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒளித்தொகுதி 2-க்கு ஒளி சேர்த்துத் தரும் முக்கியப் புரதம் எல்எச்சி 2. மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். பசலைக்கீரையிலிருந்து எடுத்த அதன் அமைப்பு 2004-ல் 2.72 ஆங்ஸ்ட்ரோம் துல்லியத்தில் வெளியானது. ஒவ்வொரு அலகிலும் 8 பச்சையம் ஏ, 6 பச்சையம் பி, 4 கரோட்டினாய்டுகள். மூன்று அலகுக்கும் சேர்த்து 42 பச்சையங்கள். இவ்வளவு நெருக்கத்தில் பச்சையங்களைக் கரைசலில் வைத்தால் ஒன்றின் ஆற்றலை மற்றொன்று அணைத்துவிடும். புரதம் அவற்றைக் குறிப்பிட்ட தூரத்திலும் கோணத்திலும் பிடித்திருப்பதால் ஆற்றல் வீணாகாமல் கைமாறுகிறது. பச்சையம் பி சற்று அதிக ஆற்றலில் பிடிக்கும், பச்சையம் ஏ-க்குக் கொடுக்கும். ஆற்றல் வினைமையத்தை நோக்கி வந்து சேரும்.

கரோட்டினாய்டுகளுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. வெயில் மிஞ்சும்போது அதிகப்படி ஆற்றலை வெப்பமாக்கி விடுவது. உள்ளறையில் அமிலத்தன்மை ஏறினால் வயலாசாந்தின் என்ற நிறமி சியாசாந்தினாக மாறுகிறது, பிஎஸ்பிஎஸ் என்ற சிறு புரதம் விழித்துக்கொள்கிறது, ஒளிபிடிக்கும் புரதங்கள் ஆற்றலை உதறும் நிலைக்குப் போகின்றன. இது தனியாகவே படிக்க வேண்டிய பெரிய பகுதி. இங்கே இவ்வளவு போதும்.

படி 4: ஒளித்தொகுதி 2-ன் மையம், முதல் தாவல்

ஒளித்தொகுதி 2 இரட்டையாக இருக்கும் கூட்டமைப்பு. ஒரு பாதியை மட்டும் வரையுங்கள். நடுவில் டி1, டி2 என்ற இரு புரதங்கள் கைகோர்த்து நிற்கின்றன. இரு பக்கமும் சிபி43, சிபி47 என்ற உள் ஒளிபிடிப்பிகள். ஒரு பாதியில் மொத்தம் 35 பச்சையங்கள்: சிபி43-ல் 13, சிபி47-ல் 16, நடுமையத்தில் 6.

இப்போது டி1, டி2-க்குள் கற்களை வையுங்கள். கீழே, உள்ளறைப் பக்கமாக, நான்கு பச்சையங்கள் நெருக்கமாக. இவற்றைத்தான் பி680 என்கிறோம். 680 நானோமீட்டர் அலைநீள ஒளியை உறிஞ்சுவதால் அந்தப் பெயர். அதற்கு மேலே இரு புறமும் ஒவ்வொரு ஃபியோஃபைட்டின், அதாவது நடுவிலிருக்கும் மக்னீசியத்தை இழந்த பச்சையம். அதற்கும் மேலே, ஸ்ட்ரோமா ஓரத்தில், எலக்ட்ரானை வாங்கி வைக்கும் இரு சிறு மூலக்கூறுகளான பிளாஸ்டோகுவினோன்கள்: டி2-க்குள் கியூ-ஏ, டி1-க்குள் கியூ-பி. இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்பு அணு.

படம் கிட்டத்தட்டக் கண்ணாடி பிம்பம்போல இரு கிளைகளாகத் தெரியும். ஆனால் எலக்ட்ரான் டி1 பக்கக் கிளை வழியாக மட்டுமே ஏறும். அந்தக் கிளையின் உச்சியில் இருப்பது டி2 பிடித்திருக்கும் கியூ-ஏ. இதன் காரணம் படி 6-ல் தெளிவாகும்.

680 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானில் சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கிறது. அது வந்து சேர்ந்ததும் சில பிகோநொடிகளில் எலக்ட்ரான் டி1 பக்க ஃபியோஃபைட்டினுக்குப் போய்விடுகிறது. பிகோநொடி என்றால் ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஃபியோஃபைட்டினிலிருந்து கியூ-ஏ-க்குப் போகச் சில நூறு பிகோநொடிகள். ஃபியோஃபைட்டினிலிருந்து பின்னால் விழ வேண்டுமென்றால் நானோநொடிகள் ஆகும், ஒரு பிகோநொடியைவிட ஆயிரம் மடங்கு நீண்ட அலகு அது. எலக்ட்ரான் முன்னேறிவிடுகிறது. கியூ-ஏ-யை அடைந்தபின் பி680 வெகு தூரத்தில் இருக்கிறது. திரும்பும் வழி இன்னும் மெதுவாகிவிட்டது. படி 2-ல் சொன்ன விதி இங்கே கண்கூடு.

கீழே என்ன நடக்கிறது? எலக்ட்ரானை இழந்த பி680-ன் மின்னழுத்தம் சுமார் 1.2 வோல்ட்டுக்கும் மேல். உயிரினங்களில் இதைவிட ஆவேசமாக எலக்ட்ரானைப் பிடுங்கக்கூடிய பொருளைக் காண்பது அரிது. நீரிலிருந்து எலக்ட்ரானை எடுக்க 0.82 வோல்ட் வேண்டும். பச்சையத்தை அந்த உயரத்துக்குத் தள்ளியது அதைச் சுற்றியுள்ள புரதச் சூழல்தான்.

படி 5: நீரைப் பிளக்கும் மாங்கனீசு

இந்தப் படியில் நான் கொஞ்சம் நின்று பேசியே ஆக வேண்டும். நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜன் இந்த ஓர் இடத்திலிருந்துதான் வருகிறது. அது நீரிலிருந்து வருகிறது, கார்பன் டை ஆக்சைடிலிருந்து அல்ல என்பதை 1941-ல் ரூபனும் கேமனும் ஆக்சிஜன் 18 ஐசோடோப்பைக் கொண்டு காட்டினார்கள்.

பி680-க்குக் கீழே டி1 புரதத்தில் 161-ஆம் இடத்தில் ஒரு டைரோசின் இருக்கிறது. பெரும்பாலும் சில பத்து நானோநொடிகளிலேயே அது தன் எலக்ட்ரானைக் கொடுத்து பி680-ன் காலியிடத்தை நிரப்புகிறது. கொடுக்கும்போது தன் புரோட்டானைப் பக்கத்தில் உள்ள 190-ஆம் ஹிஸ்டிடினிடம் ஒப்படைக்கிறது, பின்னர் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்த டைரோசினுக்குப் பக்கத்தில் நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம், ஐந்து ஆக்சிஜன் கொண்ட கொத்து.

இந்தக் கொத்தின் உருவம் 2011-ல் தெளிவானது. உமேனா, கவகாமி, ஷென், கமியா ஆகியோர் வெந்நீர் ஊற்றில் வாழும் நீலப்பச்சைப் பாசியின் ஒளித்தொகுதி 2-ஐ 1.9 ஆங்ஸ்ட்ரோம் துல்லியத்தில் வெளியிட்டார்கள். மூன்று மாங்கனீசும் கால்சியமும் ஆக்சிஜன்களோடு சேர்ந்து சற்றுக் கோணலான ஒரு கனசதுரமாக இருக்கின்றன. நான்காவது மாங்கனீசு வெளியே தொங்குகிறது. பார்க்கச் சாய்ந்த நாற்காலிபோல இருக்கும். நான்கு நீர் மூலக்கூறுகள் கொத்தோடு ஒட்டியிருக்கின்றன: தொங்கும் மாங்கனீசில் இரண்டு, கால்சியத்தில் இரண்டு. ஒவ்வொரு பாதியிலும் சுமார் 1,300 நீர் மூலக்கூறுகள் அந்தப் படத்தில் தெரிந்தன. நீர் உள்ளே வரவும் புரோட்டான் வெளியே போகவும் உள்ள கால்வாய்கள் அவற்றில்தான் புலப்பட்டன.

ஒரு சிக்கல் இருந்தது. எக்ஸ் கதிரே மாங்கனீசைப் பாதித்து அணுத் தூரங்களை மாற்றிவிடும். அதனால் பாதிப்பு உண்டாவதற்குள் படமெடுத்து முடிக்கும் அளவுக்குக் குறுகிய, ஃபெம்டோநொடி நீளமுள்ள எக்ஸ் கதிர் லேசர் துடிப்புகளால் 2015-ல் மீண்டும் அளந்தார்கள்.

கொத்து எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த அமைப்பு தெரியும் முன்பே ஓர் அழகான சோதனை சொல்லிவிட்டது. 1969-ல் பியர் ஜோலியோ, இருட்டில் வைத்த பசுங்கணிகங்களுக்கு மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஆக்சிஜனை அளந்தார். முதல் துடிப்பில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் உச்சம். பிறகு ஏழாவதில், பதினொன்றாவதில். நான்குக்கு ஒருமுறை. அடுத்த ஆண்டு பெசல் கோக் விளக்கினார்: கொத்து எஸ்0 முதல் எஸ்4 வரை ஐந்து நிலைகளில் செல்கிறது, ஒவ்வொரு துடிப்பும் ஓர் எலக்ட்ரானை எடுக்கிறது, நான்கு சேர்ந்ததும் இரண்டு நீரிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளியேறுகிறது. இருட்டில் நிலையாக இருப்பது எஸ்1. அதனால்தான் முதல் உச்சம் நான்கில் வராமல் மூன்றில் வருகிறது.

இதை நீங்களே தாளில் செய்து பாருங்கள். எஸ்1-ல் தொடங்கி ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நிலை நகர்த்துங்கள். நகர்த்தும்போது புரோட்டான்களையும் எழுதுங்கள்: எஸ்0-விலிருந்து எஸ்1-க்கு 1, அடுத்த தாவலில் 0, அடுத்ததில் 1, கடைசியில் 2. மொத்தம் 4 புரோட்டான்கள் உள்ளறைக்குள் விழுகின்றன.

ஏன் இப்படிச் சேர்த்து வைக்க வேண்டும்? ஒவ்வோர் எலக்ட்ரானாக நீரிலிருந்து பிடுங்கினால் இடையில் ஹைட்ராக்சில் தனியுறுப்பு போன்ற நாசகாரப் பொருள்கள் உண்டாகி, தொட்டதையெல்லாம் கெடுக்கும். மாங்கனீசு நான்கு கடனையும் தன் மேலேயே வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே தவணையில் நீரிடம் வசூலிக்கிறது.

தாவரங்களில் இந்தக் கொத்தை உள்ளறைப் பக்கமிருந்து பிஎஸ்பிஓ, பிஎஸ்பிபி, பிஎஸ்பிகியூ என்ற மூன்று புரதங்கள் மூடிக் காக்கின்றன. முதலாவது பாசியிலும் உண்டு, மற்ற இரண்டின் இடத்தில் பாசியில் வேறு புரதங்கள். தாவரத்தின் முழு அமைப்பைப் பார்க்க விரும்பினால், பட்டாணியிலிருந்து எடுத்து 2017-ல் உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் 2.7 ஆங்ஸ்ட்ரோமில் வெளியான பெருங்கூட்டமைப்பைத் தேடுங்கள். இரட்டை மையமும் நான்கு எல்எச்சி 2 மும்மைகளும் ஒரே படத்தில் இருக்கும்.

படி 6: கியூ-பி என்ற வாசல்

கியூ-ஏ புரதத்தை விட்டு நகராது, ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரானைத்தான் வைத்திருக்கும். கியூ-பி-க்கு அது எலக்ட்ரானைக் கொடுக்கச் சில நூறு மைக்ரோநொடிகள். முதல் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு கியூ-பி அப்படியே காத்திருக்கும். இரண்டாவது வந்ததும் ஸ்ட்ரோமாவிலிருந்து இரண்டு புரோட்டான்களையும் எடுத்துக்கொண்டு பிளாஸ்டோகுவினாலாக மாறி, தன் குழியை விட்டுச் சவ்வுக்குள் நீந்திப் போய்விடும். காலியான குழியில் புதிய பிளாஸ்டோகுவினோன் வந்து உட்காரும்.

டி1 கிளை மட்டும் வேலை செய்யும் காரணம் இப்போது புரியும். கியூ-பி வந்து போகும் ஆள். எலக்ட்ரான் நேரே அதற்கு வந்தால், குழி காலியாக இருக்கும் நேரத்தில் ஏமாந்துவிடும். எப்போதும் இருக்கையை விட்டு எழாத கியூ-ஏ முதலில் வாங்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இந்தக் குழியைக் களைக்கொல்லிகள் குறிவைக்கின்றன. டையூரானும் அட்ரசினும் பிளாஸ்டோகுவினோன் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். டி1-ன் 264-ஆம் இடத்தில் உள்ள செரின் கிளைசினாக மாறிய களைச்செடிகளில் அட்ரசின் சரியாக ஒட்டாது; அவை பிழைத்துக்கொள்கின்றன. ஒரே ஓர் அமினோ அமிலம்!

படி 7: பி6எஃப், இரண்டாகப் பிரியும் பாதை

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதனால் மெதுவாகப் போவோம்.

சைட்டோகுரோம் பி6எஃப் கூட்டமைப்பும் இரட்டை. ஒவ்வொரு பாதியிலும் எட்டுப் புரதங்கள்: சைட்டோகுரோம் எஃப், சைட்டோகுரோம் பி6, ரீஸ்கே இரும்பு கந்தகப் புரதம், துணையலகு 4, கூடவே நான்கு குட்டிப் புரதங்கள். இதன் அமைப்பு 2003-ல் பாசிகளிலிருந்து வந்தது; பசலைக்கீரையிலிருந்து 2019-ல்.

பிளாஸ்டோகுவினால் உள்ளறைப் பக்கக் குழிக்கு வருகிறது. அதன் இரண்டு புரோட்டான்களும் உள்ளறைக்குள் விழுகின்றன. இரண்டு எலக்ட்ரான்களும் வேறு வேறு வழியில் போகின்றன. முதலாவது ரீஸ்கேயின் இரும்பு கந்தகக் கொத்துக்கு. அதன் தலைப்பகுதி அசையக்கூடியது: எலக்ட்ரானை வாங்கியதும் நகர்ந்து சைட்டோகுரோம் எஃப் அருகே போய்க் கொடுத்துவிட்டு வரும். தூரம் அதிகமானால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இயற்கை தந்த விடை இது. கல்லையே நகர்த்திவிட்டது.

இரண்டாவது எலக்ட்ரான் மேல்நோக்கி, சைட்டோகுரோம் பி6-ன் இரண்டு ஹீம்கள் (இரும்பு கொண்ட நிறமிகள்) வழியாகச் சவ்வைக் கடந்து ஸ்ட்ரோமாப் பக்கக் குழியில் இருக்கும் ஒரு பிளாஸ்டோகுவினோனுக்குப் போகிறது. இப்படி இன்னொரு சுற்று நடந்தால் அங்கே இரண்டு எலக்ட்ரான்கள் சேர்ந்துவிடும். ஸ்ட்ரோமாவிலிருந்து இரண்டு புரோட்டான்கள் எடுத்து மீண்டும் ஒரு பிளாஸ்டோகுவினால் பிறக்கும்.

கணக்கைத் தாளில் போடுங்கள். இரண்டு குவினால்கள் வந்தன, ஒன்று திரும்பப் பிறந்தது. நிகரமாகச் செலவானது ஒன்று. உள்ளறையில் விழுந்த புரோட்டான்கள் 4. முன்னே சென்ற எலக்ட்ரான்கள் 2. அதாவது ஓர் எலக்ட்ரானுக்கு 2 புரோட்டான்கள். நேர்வழியாகப் போயிருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும். இதுதான் கியூ சுழற்சி.

முழுச் சங்கிலியிலும் மெதுவான படி இங்கேதான்: குவினால் எலக்ட்ரான்களை இழக்க 5 முதல் 20 மில்லிநொடிகள் வரை ஆகிறது. உள்ளறை அமிலமாக ஆக, இந்தப் படி மேலும் மெதுவாகும். ஏடிபி செலவாகாமல் புரோட்டான்கள் தேங்கினால் எலக்ட்ரான் ஓட்டமும் தானாகவே தணிந்துவிடுகிறது.

படி 8: பிளாஸ்டோசயனின்

இது சுருக்கமானது. உள்ளறையில் மிதக்கும் சிறிய நீலநிறப் புரதம், நடுவில் ஒரு செம்பு அணு. இரண்டு ஹிஸ்டிடின், ஒரு சிஸ்டீன், ஒரு மெத்தியோனின் அதைப் பிடித்திருக்கின்றன. செம்பின் இரண்டு மின்னேற்ற நிலைகளும் விரும்பும் வடிவங்கள் வேறு வேறு. புரதம் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வடிவத்தில் அதை இறுக்கி வைத்திருக்கிறது. அதனால் எலக்ட்ரான் வந்தாலும் போனாலும் அணுக்கள் அதிகம் அசைய வேண்டியதில்லை. படி 2-ல் சொன்ன மூன்றாவது காரணியை இதைவிட நல்ல உதாரணத்தால் விளக்க எனக்குத் தெரியாது.

படி 9: ஒளித்தொகுதி 1

தாவரங்களில் இது ஒற்றையாக இருக்கிறது. நீலப்பச்சைப் பாசிகளில் பெரும்பாலும் மும்மையாக. நெல்சன் குழுவினர் 2003-ல் பட்டாணியின் ஒளித்தொகுதி 1-ஐ 4.4 ஆங்ஸ்ட்ரோமில் வெளியிட்டார்கள், பின்னர் 2.6 வரை துல்லியம் ஏறியது. மையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு ஒளிபிடிப்புப் புரதங்கள் பிறைபோல ஒட்டியிருக்கும். மொத்தம் ஒன்றரை நூறுக்கும் மேற்பட்ட பச்சையங்கள்.

நடுவில் பிஎஸ்ஏஏ, பிஎஸ்ஏபி என்ற இரு பெரிய புரதங்கள். கீழே பி700 பச்சைய இணை. மேலே இரு கிளைகளாகப் பச்சையங்கள், பிறகு ஏ1 என்ற ஃபில்லோகுவினோன். இது வைட்டமின் கே1-தான். இரு கிளைகளும் எஃப்-எக்ஸ் என்ற இரும்பு கந்தகக் கொத்தில் சேர்கின்றன. அங்கிருந்து பிஎஸ்ஏசி புரதத்தில் உள்ள எஃப்-ஏ, எஃப்-பி கொத்துகள். எஃப்-எக்ஸிலிருந்து எஃப்-ஏ-க்கு மையத்துக்கு மையம் சுமார் 15 ஆங்ஸ்ட்ரோம், எஃப்-ஏ-விலிருந்து எஃப்-பி-க்கு சுமார் 12. விளிம்புக்கு விளிம்பு அளந்தால் இன்னும் குறைவு; எல்லாம் தாவும் தூரத்துக்குள்.

இங்கே இரண்டு கிளைகளும் வேலை செய்கின்றன. வந்து போகும் குவினோன் இல்லை, ஆகவே ஒரு கிளையை மூடி வைக்கவும் தேவையில்லை. கிளர்ந்த பி700-ன் மின்னழுத்தம் மைனஸ் 1.2 வோல்ட் அளவில் இருக்கிறது. உயிர் உலகில் எலக்ட்ரானைத் தள்ளிவிடும் வலிமை இவ்வளவு உள்ளவை அரிது. ஏ1-லிருந்து எஃப்-எக்ஸுக்குப் போக அதிகபட்சம் சில நூறு நானோநொடிகள். கடைசிக் கொத்திலிருந்து எலக்ட்ரான் பி700-க்குத் திரும்ப வேண்டுமென்றால் பல பத்து மில்லிநொடிகள். அதற்குள் பிளாஸ்டோசயனின் பி700-ஐ நிரப்பிவிடும். எனவேதான் இங்கே வந்து சேரும் ஃபோட்டான் கிட்டத்தட்ட ஒன்றுகூட வீணாவதில்லை.

எஃப்-பி-யிலிருந்து ஃபெரிடாக்சின் வாங்கிக்கொள்கிறது. அது ஒரு நேரத்தில் ஓர் எலக்ட்ரான்தான் சுமக்கும். எஃப்என்ஆர் என்ற நொதி தன்னிடமுள்ள எஃப்ஏடி என்ற துணை மூலக்கூறின் மூலம் இரண்டு ஃபெரிடாக்சின்களிடம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, என்ஏடிபி-க்கு ஒரே நேரத்தில் இரண்டையும் கொடுத்து என்ஏடிபிஎச் ஆக்குகிறது.

படி 10: புரோட்டான் கணக்கை முடியுங்கள்

ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர 4 எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் இரண்டு முறை ஒளியால் உந்தப்பட வேண்டும்: 8 ஃபோட்டான்கள். உள்ளறையில் சேரும் புரோட்டான்கள்: நீரிலிருந்து 4, பி6எஃப் வழியாக 8. மொத்தம் 12. என்ஏடிபிஎச் 2.

ஏடிபி சிந்தேஸின் அடிப்பகுதி ஒரு சுழலும் வளையம். பசுங்கணிகத்தில் அந்த வளையத்தில் 14 துணையலகுகள். ஒரு முழுச் சுற்றுக்கு 14 புரோட்டான்கள், கிடைப்பது 3 ஏடிபி. அப்படியானால் 12 புரோட்டான்களுக்கு சுமார் 2.6 ஏடிபி. கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சிக்கோ 2 என்ஏடிபிஎச்-க்கு 3 ஏடிபி வேண்டும். இடிக்கிறது, இல்லையா?

அந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்யும் வழிகளில் முக்கியமானது சுழல் எலக்ட்ரான் ஓட்டம். ஃபெரிடாக்சின் தன் எலக்ட்ரானை என்ஏடிபி-க்குத் தராமல் பிளாஸ்டோகுவினோனுக்கே திருப்பிக் கொடுக்கும். ஒளித்தொகுதி 1 மட்டும் சுற்றிச் சுற்றி வேலை செய்யும். என்ஏடிபிஎச் உண்டாகாது, புரோட்டான் மட்டும் சேரும். இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டவர்களுக்குச் சுழல் ஓட்டம் தாவரத்துக்கு ஏன் அவசியம் என்று வேறு விளக்கம் தேவைப்படாது.

புரோட்டான் சரிவுதான் ஏடிபி-யை உண்டாக்குகிறது என்று பீட்டர் மிட்செல் 1961-ல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1966-ல் யாகென்டார்ஃப் தைலக்காய்டுகளைப் பிஎச் 4 கரைசலில் ஊறவைத்து, இருட்டிலேயே பிஎச் 8-க்கு மாற்றினார். ஒளி துளிகூட இல்லாமல் ஏடிபி பிறந்தது.

படி 11: தடுத்துப் பார்த்துச் சரிபாருங்கள்

வரைந்த படம் சரியா என்று அறிய, ஒவ்வோர் இடமாக அடைத்துப் பாருங்கள். டையூரான் இட்டால் கியூ-ஏ-வுக்குப் பின் ஓட்டம் நிற்கும். ஆனாலும் தொலைசிவப்பு ஒளியில் (அலைநீளம் மிகுந்த சிவப்பு, ஒளித்தொகுதி 1 மட்டுமே நன்றாகப் பிடிப்பது) ஒளித்தொகுதி 1-ன் சுழல் ஓட்டம் நடக்க முடியும். பாராகுவாட் இட்டால் ஓட்டம் நிற்காது, ஒளித்தொகுதி 1-ன் முனையில் அது எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனுக்குக் கொடுக்கும். செடி அந்த நச்சு ஆக்சிஜனால் கருகும். இரண்டும் களைக்கொல்லிகள்தான், கொல்லும் விதம் நேர் எதிர்.

ஒளியை வைத்தும் சோதிக்கலாம். எமர்சன் 1957-ல் தொலைசிவப்பு ஒளியையும் அதைவிடக் குறைந்த அலைநீள ஒளியையும் சேர்த்துக் கொடுத்தபோது, தனித்தனியாகக் கிடைத்ததன் கூட்டுத்தொகையைவிட ஒளிச்சேர்க்கை அதிகமாக இருந்தது. இரண்டு ஒளித்தொகுதிகள் வரிசையாக இணைந்திருந்தால் மட்டுமே அது நடக்கும். 1960-ல் ஹில்லும் பெண்டாலும் இசட் படத்தை முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே டைசன்ஸ், ஒருவகை ஒளி சைட்டோகுரோமிலிருந்து எலக்ட்ரானை எடுப்பதையும் இன்னொரு வகை ஒளி அதற்கே எலக்ட்ரானைக் கொடுப்பதையும் சிவப்புப் பாசியில் காட்டினார்.

இலையைக் கிழிக்காமலே பார்க்கவும் வழியுண்டு. கியூ-ஏ நிரம்பிவிட்டால் பிடித்த ஒளியில் ஒரு பகுதி சிவப்பு ஒளிர்வாகத் திரும்பி வரும். இருட்டில் வைத்த இலையில் கியூ-ஏ காலி, ஒளிர்வு குறைவு. ஒரு பலமான ஒளித் துடிப்பில் எல்லாம் நிரம்பி, ஒளிர்வு உச்சிக்கு ஏறும். ஒளிர்வு எவ்வளவு கூடியது என்பதற்கும் அதன் உச்ச அளவுக்கும் உள்ள விகிதம் ஆரோக்கியமான இலைகளில் சுமார் 0.83. கடும் வெயிலில் வாடிய இலையில் அது இறங்கும். அப்போது பெரும்பாலும் சேதமாகியிருப்பது டி1 புரதம். பி680-க்கும் மாங்கனீசுக்கும் அவ்வளவு அருகில் நிற்பதற்கு அது கொடுக்கும் விலை அது. செடி அந்த ஒரு புரதத்தை மட்டும் வெட்டி எடுத்து, புதிதாக ஒன்றைச் செய்து அதே இடத்தில் பொருத்துகிறது. கடும் ஒளியில் இருக்கும் இலையில் இந்த மாற்றுவேலை நாள் முழுவதும், திரும்பத் திரும்ப நடக்கிறது.